அப்பாரு விட்டுப்போன கால்

சொத்துத் தகராறு என்றால் உங்களுக்கு நிலம், வீடு, நகை ஞாபகத்துக்கு வரும். எங்கள் குடும்பத்தில் கட்டில்.

அன்னூர்ப் பக்கம் எங்கள் அப்பாரு படுத்திருந்த ஈட்டிமரக் கட்டில். (கொங்கு நாட்டில் அப்பாவின் அப்பா, அப்பாரு.) அவர் காலமானதும் நான்கு பிள்ளைகளும் ரொம்ப நியாயமாகப் பாகம் பிரித்தார்கள். கட்டிலுக்கு நாலு கால். ஆளுக்கு ஒரு கால். சட்டங்களும் பலகையும் என்ன ஆயின என்று கேட்காதீர்கள், அது தனி கேஸ்.

எங்கள் பங்குக்கு வந்த கால் முப்பது வருஷம் பரண்மேல் கிடந்தது. கரையான் பக்கத்தில்கூடப் போகவில்லை. நாலு அங்குல கனம், கறுப்பும் ஊதாவுமாக ரேகை, தூக்கினால் தோள்பட்டை கேட்கும். தேக்கு ஒரு கனமீட்டர் சுமார் 650 கிலோ என்றால், ஈட்டி 850 வாக்கில் வரும்.

நான் காலையிலிருந்து சாயங்காலம் வரை எக்ஸெல் கட்டங்களை நிரப்புகிற ஜாதி. கையால் ஏதாவது செய்து பார்க்கவேண்டும் என்று ஒரு நமைச்சல். அந்தக் காலை எடுத்து ஓர் இழைப்புளி செய்துவிடுவது என்று தீர்மானித்தேன். தச்சர்கள் 'சர்ர்' என்று தள்ளி மரத்தை வழவழப்பாக்குவார்களே, அதுதான்.

"ஏங்க, இழைக்கறதுக்கு நம்மகிட்ட என்ன இருக்குது?" என்றாள் வீட்டம்மா.

நல்ல கேள்வி. பதில் இல்லை.

இந்த ஊரில் மரத்தில் கருவி செய்கிறேன் என்றால் சிரிக்கிறார்கள். மோட்டார், பம்ப், கிரைண்டர் எல்லாம் செய்கிற ஊர். தடுக்கி விழுந்தால் லேத் பட்டறை. ஆனால் மரத்துக்கும் கோயமுத்தூருக்கும் பழைய உறவு உண்டு. கவுலி பிரவுன் ரோட்டில் இருக்கும் காஸ் வன அருங்காட்சியகம் 1902-ல் திறந்தது. பக்கத்திலேயே வனக் கல்லூரி, 1912-ல் ஆரம்பம். நம் ஊர்க் காட்டு மரங்களைத் துண்டு போட்டு வரிசையாக வைத்திருப்பதைப் பார்க்க சினிமாவுக்குப் போகிற ஆட்களில் பாதிப்பேர் போனால்கூடத் தேவலை.

வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பியத் தச்சன் தன் ஊர் பீச் மரத்தில் இழைப்புளி செய்துகொண்டு, நம் ஈட்டியை 'அபூர்வ அயல்நாட்டு மரம்' என்று அங்குலக் கணக்கில் வாங்குகிறான். நமக்கு அது அப்பாரு கட்டில்.

நினைத்தால் இன்னொன்று வாங்கவும் முடியாது. பட்டா நிலத்தில் நிற்கிற ஈட்டியானாலும் அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது என்று 1994-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டம் பல வருஷம் அமலில் இருந்தது. 2017 ஜனவரியில் ஈட்டிக் குடும்பம் மொத்தமும் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறியது. ஆகவே இந்தக் கால் போனால் போனதுதான். என் கை நடுங்கியதற்குக் காரணம் புரிகிறதா?

குருவாக நான் பிடித்தது ஜேம்ஸ் கிரெனோவ். 1920-ல் சைபீரியாவில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்து, ஸ்வீடனில் தச்சு கற்று, கலிபோர்னியாவில் வாத்தியாராக இருந்து 2009-ல் மறைந்தவர். தன் இழைப்புளிகளைத் தானே செய்துகொண்டவர். அவர் வழி சோம்பேறிகளுக்கு உகந்தது. கட்டையைக் குடைய வேண்டாம். நீளவாக்கில் மூன்றாக அறுக்கவேண்டியது. நடுத்துண்டைத் தகடு சாய்கிற மாதிரி 45 டிகிரியில் வெட்டி, முன் பாதிக்கும் பின் பாதிக்கும் நடுவே வழி விட்டு, மறுபடி சாண்ட்விச் மாதிரி ஒட்டிவிட வேண்டியது. குறுக்கே ஒரு குச்சி, அதற்கடியில் ஓர் ஆப்பு. முடிந்தது.

தகட்டுக்கு உக்கடம் பழைய இரும்புக் கடையில் லாரி ஸ்பிரிங் பட்டை ஒன்று கிடைத்தது. கொல்லுப் பட்டறைக்காரர் அதைச் செக்கச்செவேல் என்று காய்ச்சி, காந்தத்தைக் கிட்டே காட்டினார். ஒட்டவில்லை. "இப்பத்தானுங் பதம்" என்று எண்ணெயில் முக்கினார். இரும்பு சுமார் 770 டிகிரியில் காந்தத்தை மறந்துவிடும். படிப்பு இல்லாமல் பௌதிகம்! அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி உடையும். மறுபடி இருநூறு டிகிரியில், வைக்கோல் நிறம் வரும்வரை வாட்டவேண்டும். கேக் வைக்கிற அவனில் நான் இரும்பு வைத்ததைப் பற்றி வீட்டில் நடந்த விவாதத்தைப் பத்திரிகை தர்மம் கருதி விட்டுவிடுகிறேன்.

அறுத்தேன். ஈட்டித் தூள் சில பேருக்கு ஒத்துக்கொள்ளாது என்று படித்திருந்தேன். அந்தச் சில பேரில் நான் ஒருவன். மூன்று நாள் முழங்கை வரை சொறி. ஈட்டியில் எண்ணெய்ப்பசை அதிகம். அசிட்டோன் போட்டுத் துடைத்துவிட்டு ஒட்டினேன். காய்ந்தது. தகட்டைப் போட்டு, ஆப்பை இறுக்கி, ஒரு வேப்பம்பலகைமேல் தள்ளினேன்.

'சர்ர்' வரவில்லை. 'கடகடகட' என்றது. பலகை நாய் கடித்த மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம்தான் செல்வபுரத்தில் ஒரு பெரிய ஆசாரியைத் தேடிப் போனேன். வயது எண்பதைத் தொடும். மகன் பட்டறையில் எல்லாம் கரண்ட்டில் ஓடுகிறது. பெரியவர் வாசலில் திண்ணைக்காவல். என் இழைப்புளியை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு நிமிஷம் பேசவில்லை.

"ஏனுங் தம்பி, வாய் எத்தனை அங்குலம் வெச்சீங்க?"

"கால் அங்குலம் இருக்குமுங்க."

"ஆளுக்கானாலும் இதுக்கானாலும் வாய் பெருத்தாப் போச்சுங் தம்பி."

விளக்கினார். தகடு மரத்தைச் சீவும்போது, அதற்குச் சற்று முன்னால் கட்டை மரத்தை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். வாய் ஒரு கார்டு கனம் இருந்தால் அந்தப் பிடி இருக்கும். அகலமானால் பிடியில்லாமல் நார் நாராகப் பிய்த்துக்கொண்டு வரும். கால் விஷயத்தில் நான் செய்த தப்பு கால் அங்குலம்.

"அப்பாரு கட்டில் காலுங்க. வேற கட்டை இல்லீங்க" என்றேன். குரல் கொஞ்சம் அப்படி இப்படி ஆகிவிட்டது. ஐம்பது வயசு ஆசாமி, ஒரு கட்டைக்காக!

பெரியவர் உள்ளே போனார். பழைய மாட்டுவண்டிச் சக்கரத்திலிருந்து எடுத்த ஒரு கருவேலந்துண்டோடு வந்தார்.

"எங்கப்பன் ஈட்டிக்கு எங்க போவாருங்? எல்லாம் கருவேலந்தான். இழைக்கறது மரத்தோட சாதியில்லீங், வாயும் தகடும்."

இழைப்புளியின் அடிப்பாகத்தில், வாய்க்கு முன்னால் சின்னதாக ஒரு பள்ளம் வெட்டி, கருவேலந்துண்டைப் பதித்தார். உளி பிடித்ததும் அந்தக் கை நடுக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. மகன் மெஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றார். "அப்பா உளி எடுத்து நாலஞ்சு வருசமாச்சுங்க" என்றார் என்னிடம், மெதுவாக.

ஒட்டுக் காய மறுநாள் போனேன். தகட்டின் தலையில் ஒரு தட்டு, அது இறங்கும். கட்டையின் பின்புறம் ஒரு தட்டு, ஏறும். பெரியவர் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே தட்டினார். பிறகு பலகைமேல் ஒரே தள்ளு.

'சர்ர்ர்ர்.'

சுருள் சுருளாக ஒன்று எழுந்து வந்து அவர் மணிக்கட்டில் விழுந்தது. பிரித்து வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிறது.

"காசு எவ்வளவுங்க?"

"அட போங் தம்பி. கட்டில்ல இருந்தப்போ நின்னுட்டே இருந்துச்சு. இப்ப நடக்கட்டும்." ஆனால் இழைப்புளியை என் கையில் உடனே கொடுக்கவில்லை. இன்னும் இரண்டு தள்ளு தள்ளிவிட்டுத்தான் கொடுத்தார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் தூக்கிக்கொண்டு செல்வபுரம் போகிறேன். எனக்குச் சொல்லித் தருவதாகப் பேச்சு. பாதி நேரம் அவர்தான் இழைக்கிறார். மகன் மெஷினை நிறுத்திவிடுகிறார், சத்தம் கேட்கவேண்டுமாம்.

போன வாரம் பெரியப்பா மகனுக்குப் போன் போட்டு அவர்கள் பங்குக் கால் எங்கே என்று விசாரித்தேன். "மோட்டார் ரூம் கதவுக்கு முட்டுக் குடுத்திருக்குதுடா, ஏன்?" என்றான்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். அன்னூருக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.