ஒரு பழம் 104 ரூபாய்

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடையிலேயே 60 ரூபாய்க்கு விற்றார்கள். எங்கள் கடலூரில் ஒரு வியாபாரி, கடையின் ஆண்டு நிறைவென்று ஆளுக்கு ஒரு கிலோ 20 ரூபாய்க்குக் கொடுத்தார். விஷயம் தெரிந்து நான் போய்ச் சேர்வதற்குள் கூடை காலி. அந்த ரோஷத்தில்தான் மஞ்சக்குப்பம் வீட்டு மொட்டை மாடியில் ஆறு பைகளை வரிசையாக வைத்தேன்.

விதை, பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1. தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம், வேப்பெண்ணெய், ஊன்ற மூங்கில் குச்சி எல்லாம் சேர்த்து 1,140 ரூபாய். இந்தக் கணக்கை என் மனைவி காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டாள்.

பூத்தது. உதிர்ந்தது. ராத்திரியும் அனல் அடித்தால் தக்காளியில் காய் பிடிக்காது. எங்கள் மாடித் தளமோ பத்து மணிக்கும் தோசைக்கல். ஒரே பூவுக்குள் ஆணும் பெண்ணும் இருப்பதால் செடியை லேசாக உலுக்கினாலே மகரந்தம் விழும் என்று எங்கோ படித்திருந்தேன். காலையில் லுங்கியோடு நின்று ஒவ்வொரு செடியாக உலுக்குவதை, எதிர் மாடியில் துணி காயப்போடும் பாட்டி ஒரு வாரம் பார்த்தார். எட்டாம் நாள் கேட்டுவிட்டார்: "ஏன் தம்பி, செடிக்குப் பேய் புடிச்சிருக்கா?"

பேய் இறங்கிக் காயும் பிடித்தது. பிடித்த காயின் அடியில் வட்டமாகக் கறுப்பு. சுண்ணாம்புச் சத்து காய்க்கு எட்டவில்லை என்று அர்த்தம். மண்ணில் அது இல்லாமல் போவதைவிட, தண்ணீர் ஒழுங்காக விடாததுதான் பெரும்பாலும் காரணம். மூன்று நாள் மறந்துவிட்டு நாலாம் நாள் ஒரு குடம் கொட்டுகிற ஆளைச் செடி இப்படித்தான் காட்டிக்கொடுக்கும். பாட்டி தன் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு டப்பியை எடுத்து நீட்டி, "கரைச்சு ஊத்து" என்றார். ஊற்றினேன். கறுப்பு நின்றது. அன்றிலிருந்து தினமும் தண்ணீர் விட ஆரம்பித்ததை நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்? தெரு முழுக்கப் பாட்டியின் சுண்ணாம்புதான் பேச்சு.

அடுத்து அணில். ஒரு பழத்தை முழுசாகத் தின்றுவிட்டுப் போனால் மனசு ஆறும். சம்பந்தி வீட்டுப் பலகாரத் தட்டில் ருசி பார்ப்பது போல ஒவ்வொன்றிலும் ஒரு கடி. மிச்சத்தைச் செங்காயாகவே பறித்து அரிசிப் பானையில் புதைத்துப் பழுக்கவைத்தேன்.

தேறியது 11 பழம். அதற்குள் விலை விழுந்து, தள்ளுவண்டிக்காரர் தெருவில் கூவிக் கூவி விற்றுக்கொண்டு போனார். மனைவி காலண்டரைத் திருப்பினாள். "ஒண்ணு நூத்தி நாலு ரூபா ஆவுது."

அதில் நாலை எடுத்துக்கொண்டு சிதம்பரத்துக்கு, அக்கா வீட்டுக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் பை மடியில்தான். அன்று அங்கே கொத்சு. "இதுல ரெண்டைப் போடேன்" என்றதும் அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நடராஜருக்குச் சம்பா சாதத்தோடு படைக்கிற கொத்சு அது. கத்திரிக்காய், புளி, வறுத்து அரைத்த பொடி, அவ்வளவுதான். தென் அமெரிக்காவில் பிறந்து கப்பலேறி வந்த சீமைத் தக்காளிக்கு அந்தப் பழைய பக்குவத்தில் இடம் கிடையாது.

"சரி, ரசம் வைக்கிறேன். நாலு பழம் எப்படிடா காணும்? இரு" என்று கொல்லைக்குப் போனாள். பின்னாலேயே போனேன். பாத்திரம் தேய்க்கிற கல்லுக்குப் பக்கத்தில் தானாக முளைத்த செடி, குச்சிகூட ஊன்றாமல் தரையில் சாய்ந்து கிடந்தது. கொத்துக் கொத்தாகப் பழம். ஒன்றிலும் கறுப்பு இல்லை, கடி இல்லை.

"என்னக்கா உரம் போடுறே?"

"உரமா? அலம்புற தண்ணி போவுது, அவ்வளவுதான்."

கிளம்பும்போது ஒரு பை நிறையப் பறித்துக் கொடுத்தாள். இதைக் காலண்டரில் வரவில் எழுதுவதா, செலவில் எழுதுவதா என்று மனைவி கேட்டாள்.