கரையில் நின்றே பாருங்கள்!

பனி கொட்டும் ஜப்பானில், பனி உருகி முடிவதற்குள் ஒரு தடவையாவது சறுக்கி விளையாட மக்கள் மலைக்கு ஓடுவார்கள். நமக்கும் அப்படி ஓர் ஆசை உண்டு. பூநாரைகள் புறப்படுமுன் பழவேற்காட்டைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசைதான் அது!

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோ மீட்டரில் இருக்கிறது பழவேற்காடு. கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் பெரிய ஏரி. மழைக்காலம் முடிந்து தண்ணீர் வற்ற வற்ற, ஆழமில்லாத இடங்களில் பூநாரைகள் கூடும். அலகைத் தலைகீழாக நீரில் விட்டு, சேற்று நீரைச் சலித்து இரை தின்னும். காணக் கண் கோடி வேண்டும்!

போய்ப் பாருங்கள். ஆனால், "கிட்டப் போக வேண்டும், படகை எடு" என்று மீனவரை வற்புறுத்தாதீர்கள்.

"முழங்கால் அளவு தண்ணீர்தானே?" என்பார்கள். ஏரி எங்கும் ஒரே ஆழம் இல்லை. 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவர்களின் படகு இங்கே கவிழ்ந்தது. 22 பேர் மாண்டார்கள். அதன் பிறகுதான் உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது.

"மீனவருக்கு நாலு காசு கிடைக்குமே?" என்று கேட்கலாம். கரையில் மீனும் இறாலும் வாங்குங்கள். அந்தக் காசு ஆபத்தில்லாமல் அவர் வீடு போய்ச் சேரும்.

இந்த ஏரியை நம்பிப் பிறந்து வளர்ந்தவர்களே நினைத்த இடத்தில் வலை போடுவதில்லை. 'பாடு' என்று முறை வைத்து, இடத்தையும் நாளையும் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஏரிக்குச் சொந்தக்காரருக்கே கட்டுப்பாடு உண்டு. ஒரு நாள் விருந்தாளிக்கு வேண்டாமா?