முதல் பின்னலுக்கு மஃப்ளர் வேண்டாம், பாத்திரத்துணி போதும்!

பின்னல் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். இரண்டு ஊசியும் ஒரு பந்து கம்பளி நூலும் வாங்கிய கையோடு மஃப்ளர் பின்ன உட்கார்ந்து விடுகிறார்கள். ஒரு சாண் நீளம் வருவதற்குள் ஆர்வம் வடிந்து விடுகிறது. அப்புறம் அந்த அரைகுறை மஃப்ளர் ஊசியோடு சேர்ந்து அலமாரிக்குள் போய்விடும். "பின்னல் எனக்கு வராது" என்ற தீர்ப்பும் அன்றே எழுதப்பட்டு விடும்.

உண்மையில் வராதது பின்னல் அல்ல. தேர்ந்தெடுத்த பொருள்தான் தப்பு.

அமெரிக்கா, கனடா வீடுகளில் இதற்கு ஒரு நல்ல வழி நெடுங்காலமாக இருக்கிறது. அங்கே பலருடைய முதல் பின்னல், பாத்திரம் துடைக்கும் சின்னப் பருத்தித் துணி. டிஷ்கிளாத் என்பார்கள். "பாட்டிக்குப் பிடித்தது" என்று பொருள்படும் பெயரில் ஒரு மாதிரி கைக்குக் கை மாறி வந்து கொண்டிருக்கிறது. ஒரு மூலையில் 4 கண்ணிகளோடு தொடங்கி, வரிசைக்கு ஒன்றாகக் கூட்டி, பாதி வந்ததும் ஒன்றொன்றாகக் குறைத்து மறு மூலையில் முடிப்பார்கள். யார் முதலில் பின்னினார் என்று அதில் பெயர் இல்லை. பாட்டிகள் காப்புரிமை கேட்பதில்லை போலும்!

பின்னல் என்றதும் கம்பளிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் பாருங்கள், உலகில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய பின்னல் பொருள்களில் எகிப்தில் கிடைத்த பருத்திக் காலுறைகளும் உண்டு. எனவே பருத்தியில் பின்னுவது ஒன்றும் புது விஷயமில்லை. பாத்திரத்துணிக்குப் பருத்திதான் பொருத்தமும்கூட. தண்ணீரை நன்றாக உறிஞ்சும், ஈரமானாலும் வலு குறையாது, வெந்நீரில் துவைக்கலாம். அக்ரிலிக் நூல் விலை குறைவுதான். ஆனால் தண்ணீரை உறிஞ்சாது, சூடான பாத்திரத்தில் பட்டால் உருகவும் செய்யும்.

சரி, எப்படிப் பின்னுவது?

நடுத்தரத் தடிமன் உள்ள பருத்தி நூல், 4.5 மி.மீ. ஊசி இரண்டு. நூல் வெளிர் நிறமாக இருப்பது நல்லது. கறுப்பு நூலில் தேர்ந்தவர்களே கண்ணியைத் தேடுவார்கள்! பருத்திக்கு இழுவை கிடையாது என்பதால் இறுக்கிப் பின்னினால் விரல் வலிக்கும். உலோக ஊசி வழுக்கும். மூங்கில் ஊசி நூலைக் கொஞ்சம் பிடித்துக் கொள்ளும்.

ஊசியில் 37 கண்ணிகள் ஏற்ற வேண்டும். சுமார் 20 செ.மீ. அகலம் வரும். பின்னலில் அடிப்படைக் கண்ணிகள் இரண்டுதான். நூல் ஊசிக்குப் பின்னால் இருக்கும்போது போடுவது நிட். முன்னால் கொண்டு வந்து போடுவது பர்ல். நிட் கண்ணி நம் பக்கம் வழவழப்பாக 'வி' வடிவில் தெரியும். பர்ல் கண்ணி சின்ன மேடாகத் தெரியும். ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் மற்றொன்று.

முதல் 4 வரிசை முழுவதும் நிட். அது கீழ் ஓரம். அதன் பிறகு எல்லா வரிசைக்கும் ஒரே வாய்பாடு: முதலில் 4 நிட், பிறகு ஒரு பர்ல் ஒரு நிட் என்று மாற்றி மாற்றி, நடுவிலுள்ள 29 கண்ணிகளையும் பர்லில் தொடங்கிப் பர்லிலேயே முடித்து, கடைசியில் 4 நிட். துணி சதுரமாகும் வரை இதே. ஸ்கேல்கூடத் தேவையில்லை, ஒரு மூலையை எதிர் மூலையோடு முக்கோணமாக மடித்தால் தெரிந்து விடும். கடைசியில் மறுபடி 4 வரிசை நிட் போட்டுக் கண்ணிகளை முடித்து விடலாம். மேல் ஓரமும் சேர்த்துச் சதுரமாக வர, மடித்துப் பார்க்கும்போது கொஞ்சம் குறைவாக இருக்கையிலேயே நடுப்பகுதியை நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நடுவில் வருவது விதை தூவினாற்போன்ற சொரசொரப்பு. இது அழகுக்காக மட்டும் அல்ல. ஒட்டிய பருக்கையை அந்த மேடுகள்தான் தேய்த்து எடுக்கும். நிட்டும் பர்லும் சரிசமமாகக் கலந்திருப்பதால் துணி சுருண்டு கொள்ளாது. ஒரு பக்கம் முழுக்க வழவழப்பாக வரும்படி பின்னினால் ஓரங்கள் அப்பளம் போலச் சுருளும். புதியவர்கள் மனம் உடைகிற இடங்களில் அதுவும் ஒன்று.

இதில் பெரிய நன்மை வேறு. நாலைந்து வரிசைக்குப் பிறகு வாய்பாடே தேவைப்படாது. நடுப்பகுதியில் ஊசியில் அடுத்து இருக்கும் கண்ணி மேடாகத் தெரிந்தால் நிட், வழவழப்பாகத் தெரிந்தால் பர்ல். அவ்வளவுதான்! அதாவது கற்றுக்கொள்பவர் காகிதத்தைப் படிப்பதை விட்டுவிட்டுத் துணியையே படிக்கத் தொடங்குகிறார். எங்கே தப்பு நடந்தது என்று தானே கண்டுபிடிக்கும் கண் வந்து விட்டால், அப்புறம் ஸ்வெட்டர் என்ன, சாக்ஸ் என்ன?

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். நிட்டும் பர்லும் பற்று, வரவு மாதிரி. ஒவ்வொரு வரிசை முடிவிலும் 37 இருக்கிறதா என்று எண்ணுவது இருப்பாய்வு. நூலை இரண்டு ஊசிகளுக்கும் நடுவே கொண்டு வராமல் ஊசிக்கு மேலே போட்டு விட்டால் 38 ஆகி விடும். எண்ணினால் பிடிபடும். ஆனால் நிட் போட வேண்டிய இடத்தில் பர்ல் போட்டிருந்தால் எண்ணிக்கை சரியாகவே வரும், தப்பு உள்ளேயே இருக்கும். இருப்பாய்வு சரியாக வந்தாலே கணக்கு சரி என்று அர்த்தமில்லை என்று பாடத்தில் படிப்பதை விரல்கள் அங்கே கற்றுக்கொள்கின்றன.

இன்னொரு கணக்கும் உண்டு. 20 செ.மீ. சதுரத் துணியில் சுமார் 2,000 கண்ணிகளுக்கு மேல் வரும். அதே அகலத்தில் 150 செ.மீ. நீள மஃப்ளர் என்றால் அது ஏழரை துணிக்குச் சமம். முதல் துணி கோணலாகப் போனாலும் பாத்திரம் துடைக்கும், இரண்டாவது அதைவிட நேராக வரும். ஆனால் முதல் மஃப்ளர் கோணலாகப் போனால் கழுத்தில் போட்டுக்கொண்டு வெளியே போக முடியுமா? இவ்வளவு தூரம் வந்து விட்டோமே என்று அதையே இழுத்துக் கொண்டிருப்பதும் ஒரு மூழ்கிய செலவுதான்.

இதற்கு எதிர்வாதம் இல்லாமல் இல்லை. "கடையில் மலிவாகக் கிடைக்கும் துணிக்கு மணிக்கணக்கில் உட்கார வேண்டுமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இங்கிலாந்தில் வில்லியம் லீ 1589-ல் பின்னல் இயந்திரத்தை உருவாக்கினார். அந்த இயந்திரங்கள் வளர வளரக் கைப்பின்னலுக்கு விலைப் போட்டியில் தோல்விதான். இன்று திருப்பூர் இயந்திரங்கள் பின்னும் வேகமும், கரூரில் நெய்து வெளிநாட்டுச் சமையலறைகளுக்குக் கப்பலேறும் துண்டுகளின் விலையும் தெரிந்தவர் யாரும் கைப்பின்னலைச் சிக்கனம் என்று சொல்ல மாட்டார். நூல் விலையிலேயே கடைத்துணி வந்து விடும். உழைப்புக்குக் கூலி போட்டால் கணக்கு முழுக்க நட்டம்.

எனவே சேமிப்பு என்ற பெயரில் இதை யாரும் பரிந்துரைக்க வேண்டாம். இது கல்விச் செலவு. அப்படிப் பார்த்தால் இதைவிட மலிவான பள்ளிக்கூடம் கிடையாது. ஒரு பந்து நூல்தான் கட்டணம். தோற்றாலும் கையில் ஒரு துணி மிஞ்சும். தப்பு செய்யப் பயப்படாமல் கற்றுக்கொள்ளும் இடம் தேர்வும் மதிப்பெண்ணுமாக வளர்ந்த தலைமுறைக்கு எத்தனை கிடைக்கிறது?

கடைசியாக ஒரு எச்சரிக்கை. கையால் பின்னியது என்று சொல்லி இந்தத் துணியை ஆணியில் அழகுக்கு மாட்டி வைப்பவர்களும் இருக்கிறார்கள். பரிசாக வாங்கியவர்கள் அழுக்காகி விடும் என்று பெட்டியில் பூட்டி வைப்பதும் உண்டு. அது பின்னியவருக்குச் செய்யும் மரியாதை அல்ல. துணி நனைய வேண்டும், கறைபட வேண்டும், வெந்நீரில் துவைத்து வெயிலில் காய வேண்டும். ஈரத்தோடு சுருட்டிப் போட்டால் கிருமிதான் வளரும். தேய்ந்து நைந்து ஓட்டை விழுந்த பிறகு தூக்கிப் போடலாம், வருத்தப்பட வேண்டியதில்லை.

அதற்குள் பின்னியவர் பத்தாவது துணியில் இருப்பார். யார் கண்டது, மஃப்ளரே தொடங்கியிருக்கலாம்!