அடுப்படிப் புகைக்குச் செவிசாய்ப்பவர் யார்?

2022 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நாட்டின் பல பகுதிகளில் காற்றின் தரம் மோசமடைந்ததையும், அதனால் 9 ஆம் திகதி அரசாங்கப் பாடசாலைகள் மூடப்பட்டதையும் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அயல்நாட்டிலிருந்து காற்றோடு வந்த மாசு அன்று பெரும் செய்தியானது. ஆனால், எமது வீடுகளின் அடுப்படிகளில் அன்றாடம் எழும் புகை எவருக்கும் செய்தியாகத் தெரிவதில்லை.

நாம் உள்ளிழுக்கும் காற்று, கிளைவிட்டுச் செல்லும் குழாய்களினூடாக நுரையீரல்களிலுள்ள கோடிக்கணக்கான சிற்றறைகளைச் சென்றடைகின்றது. அங்குதான் ஒட்சிசன் குருதியில் கலக்கின்றது, காபனீரொட்சைட்டு வெளியேறுகின்றது. பெரிய தூசுகளை மூக்கும் சளிப்படலமும் தடுத்துவிடுகின்றன. ஆனால், விறகுப் புகையிலுள்ள 2.5 மைக்ரோமீற்றரிலும் சிறிய துகள்கள் இக்காவலைத் தாண்டிச் சிற்றறை வரை செல்லக்கூடியவை.

இதன் விளைவுகள் பாரதூரமானவை. தொய்வு எனப்படும் ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாய்கள் புகை பட்டதும் வீங்கிச் சுருங்குகின்றன. உரிய மருந்தினால் இதனைக் கட்டுப்படுத்தலாம். இன்ஹேலரைப் பழகினால் பின்னர் விடமுடியாது என்ற தவறான அச்சத்தினால் பலர் அதனைத் தவிர்ப்பது வேதனைக்குரியது. நாட்பட்ட சுவாச அடைப்பு நோயோ இன்னும் கொடியது. அதில் சிதைந்த நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. புகைபிடிப்போருக்கே இந்நோய் வரும் என்பது பொதுவான எண்ணம். வாழ்நாளில் ஒரு சிகரெட்டையேனும் தொடாத தாய்மாரையும் பல்லாண்டுகால அடுப்புப் புகை இந்நோய்க்கு ஆளாக்குகின்றது. அவர்களது இளைப்போ, 'வயது போனால் அப்படித்தான்' என்று ஒதுக்கப்படுகின்றது.

வீடுகளுக்குள் எழும் புகையினால் 2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 இலட்சம் பேர் உயிரிழந்ததாகவும், அவர்களில் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கும் அதிகமானோர் ஐந்து வயதுக்குட்பட்ட சிறுவர்கள் எனவும் உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது. தாயின் இடுப்பிலிருக்கும் குழந்தையும் அதே புகையைத்தான் சுவாசிக்கின்றது.

விறகை விட்டுவிடுங்கள் என்று மக்களுக்கு உபதேசிப்பது எளிது. 2022 ஆம் ஆண்டு சமையல் எரிவாயுத் தட்டுப்பாட்டின்போது நகரவாசிகளே விறகைத் தேடியலைந்ததை நாம் கண்டோம். எரிவாயுவின் விலை எட்டாத குடும்பத்திற்கு விறகைத் தவிர வேறு வழியில்லை. எனவே, வீடமைப்புத் திட்டங்களிலும் தோட்ட லயன்களிலும் புகைபோக்கியுடன் கூடிய அடுப்படியை உறுதிசெய்வது அரசாங்கத்தின் கடமையாகும். மூச்சுத்திணறலுடன் வரும் பெண்ணிடம் அவர் எந்த அடுப்பில் சமைக்கின்றார் என்று வைத்தியர்களும் வினவ வேண்டும். நன்கு உலர்ந்த விறகைப் பயன்படுத்துவதும், ஜன்னலைத் திறந்துவைப்பதும், குழந்தையை அடுப்படியிலிருந்து விலக்கிவைப்பதும் வீட்டாரால் இன்றே செய்யக்கூடியவை.

வானத்தில் மாசு படர்ந்தபோது ஒருநாள் பாடசாலைகளை மூடினோம். அடுப்படியை மூடிவிட முடியாது. அங்கு நிற்பவரின் மூச்சைக் காப்பதற்கான வழியையே நாம் கண்டாக வேண்டும்.