எந்த ‘ரத்த மாத்திரை’?

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் யாராவது ‘ரத்தம் மெலிய’ மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால் முழுதும் படித்துவிடுங்கள். நான் டாக்டர் இல்லை. ஆசிரியப் பயிற்சி முடித்து 34 வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள். எழுத்தைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. இது எழுத்தைப் பற்றிய பதிவுதான்.

என் தம்பி கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இருபது வருடச் சர்க்கரை. இதயத் துடிப்பு ஒழுங்காக இல்லை என்று மூன்று வருடமாக அசிட்ரோம் சாப்பிட்டு வந்தான். போன வருடம் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போனான். “ரத்த மாத்திரையை அஞ்சு நாள் நிறுத்திட்டு வாங்க” என்று வாயால் சொல்லி அனுப்பினார்கள். நிறுத்தினான். பல் போயிற்று. திரும்ப எப்போது ஆரம்பிப்பது? அவர்களும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. (ஐ.என்.ஆர். அளவு சரியாக இருந்தால் ஒரு பல்லுக்காக இதைப் பெரும்பாலும் நிறுத்தவே வேண்டாமாம். பிறகுதான் தெரிந்துகொண்டேன்.)

மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம் வலது கால் ஜில்லென்று ஆகி வெளுத்துப் போனது. வாயு என்று எண்ணெய் தேய்த்திருக்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு, “அக்கா, காலே என்னோடது இல்லாத மாதிரி இருக்கு” என்று போன் செய்தான். இதயத்தில் உறைந்த ரத்தக் கட்டி ஒன்று போய்த் தொடைத் தமனியை அடைத்துவிட்டது. இப்படி அடைத்தால் ஆறு மணி நேரத்துக்குள் திறக்கப் பார்க்க வேண்டும். ஊத்துக்கோட்டையிலிருந்து சென்னை போய்ச் சேரும்போதே அந்த நேரம் தாண்டிவிட்டது.

அங்கே டாக்டர் கேட்டார்: “என்ன மாத்திரை சாப்பிடறார்? கடைசியா எப்போ சாப்பிட்டார்?”

தம்பி மனைவி பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்தாள். “இதான் சார் ரத்த மாத்திரை.” அது இரும்புச்சத்து மாத்திரை. ரத்தம் ஊறுவதற்குக் கொடுத்தது.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். ரத்தம் ஏற ஒரு மாத்திரை, மெலிய ஒரு மாத்திரை, அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை. மூன்றுக்கும் வீட்டில் ஒரே பெயர். கையில் இருந்த டிஸ்சார்ஜ் சம்மரி நான்கு பக்கமும் ஆங்கிலம். பத்தாவது படித்த பெண் அதை வைத்து என்ன செய்வாள்?

டாக்டருக்கு அந்தப் பதில் ஏன் தேவை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அசிட்ரோம் உடம்பில் இருந்தால் வைட்டமின் கே கொடுத்து முறிக்கலாம், ஆனால் அதற்குப் பல மணி நேரம் ஆகும். அவசரம் என்றால் பிளாஸ்மா போன்றவை ஏற்ற வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் வேறு ரகம். அவற்றுக்கு முறிவு மருந்தே கிடையாது. அவை தட்டணுக்களை முடக்குகின்றன. புதிய தட்டணுக்கள் வந்து சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஆக, ‘ரத்தம் மெலிய ஏதோ மாத்திரை’ என்ற பதில் அறுவை அறையில் உதவாது.

அறுவையின்போதே இன்னொரு மருந்து கொடுக்கிறார்கள், ஹெப்பாரின். எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம். ஜீரோ பாயிண்டில் ஷட்டரை இறக்கினால் கிருஷ்ணா கால்வாயில் தேங்கிய தண்ணீர் பாசி பிடிக்குமல்லவா? தமனியைக் கிடுக்கியால் பிடித்து வைக்கும்போது தேங்கும் ரத்தமும் உறையப் பார்க்கும். அது உறையாமல் இருக்கத்தான் ஹெப்பாரின். இன்று பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கிறார்கள். வேலை முடிந்து ரத்தக் கசிவு நிற்காவிட்டால் அதை முறிக்க புரோட்டமைன். இது சால்மன் மீனின் விந்திலிருந்து வந்த புரதம். மெதுவாக ஏற்ற வேண்டும். வேகமாகப் போனால் ரத்த அழுத்தம் விழுந்துவிடும், அளவு மிஞ்சினால் அதுவே கசிவைக் கூட்டும்.

அப்போதுதான் டாக்டர், “இன்சுலின் என்ன போடறார்?” என்றார். பையன் விழித்தான். நான் சொன்னேன்: “பால் மாதிரி வெள்ளையா இருக்கும் சார். உள்ளங்கையில உருட்டிட்டுப் போடுவான்.” அவர் உடனே குறித்துக்கொண்டார். 30/70 என்று நம்மூரில் பலரும் போடும் அந்தக் கலங்கல் இன்சுலினுக்குள்ளேயே புரோட்டமைன் இருக்கிறதாம். வருடக்கணக்கில் போட்டவர்களுக்குப் பின்னால் புரோட்டமைன் ஏற்றும்போது ஒவ்வாமை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம். “இவருக்கு முறிக்க வேண்டி வராதுன்னு நினைக்கிறேன்மா. வந்தா தயாரா இருக்கணும், அதான் கேட்டேன்” என்றார். கேட்டாரே, அவருக்குக் கோடிப் புண்ணியம். ஆனால் அந்த விவரம் ஒரு கிழவியின் ஞாபகத்திலா இருக்க வேண்டும்?

நுனியில் பலூன் வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டுக் கட்டியை இழுத்தெடுத்தார்கள். 1963-இல் தாமஸ் ஃபோகார்ட்டி என்ற அமெரிக்கர் வெளியிட்ட முறை இது. கால் பிழைத்தது. இரண்டு விரல் போயிற்று.

இதைச் சொன்னால், “டாக்டருக்கு நேரம் எங்கே இருக்கு டீச்சர்?” என்கிறார்கள். டாக்டரையா எழுதச் சொன்னேன்? கணினியில் அச்சாகும் தாள்தானே. ரேஷன் கடையிலிருந்து தமிழில் குறுஞ்செய்தி வருகிறது. டாஸ்மாக் பாட்டிலில் தமிழில் எச்சரிக்கை இருக்கிறது. குடிக்கிறவனுக்குத் தமிழில் சொல்ல முடிகிற நாட்டில், உயிர் காக்கும் மாத்திரை சாப்பிடுகிறவனுக்கு மட்டும் ஏன் ஆங்கிலம்? இது மொழி வெறி இல்லை. எங்கள் ஊரில் தெலுங்கு வீடுகள் நிறைய. சிப்காட்டில் ஒடியாவும் இந்தியும் பேசும் பிள்ளைகள். அவரவர் மொழியில் கொடுங்கள்.

‘ரத்தம் மெலிதல்’ என்ற சொல்லையும் விட்டுத் தொலைக்க வேண்டும். ரத்தம் மெலிவதில்லை, தண்ணீராவதுமில்லை. உறைவது தாமதமாகிறது, அவ்வளவுதான். சோகையாக இருப்பவர், “ஏற்கெனவே ரத்தம் கம்மி, இதுல மெலிய வேற வைக்கணுமா” என்று தானாகவே நிறுத்திவிடுகிறார். போதாக்குறைக்கு வாட்ஸ்அப்பில், “இது எலி விஷம்” என்று ஒரு செய்தி. வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது உண்மைதான். அளவாகக் கொடுத்தால் பக்கவாதத்தைத் தடுக்கும் என்பதும் உண்மைதான். முதல் பாதியை மட்டும் அனுப்புகிற புண்ணியவான்களே, என் தம்பியின் காலை வந்து பாருங்கள்.

ஆஸ்பத்திரி எழுதித் தரும்வரை நானே எழுதிவிட்டேன். ஒரு போஸ்ட்கார்டு அளவு அட்டை. மாத்திரையின் பெயர், எதற்காக, எத்தனை மணிக்கு, கடைசி ஐ.என்.ஆர்., இன்சுலின் வகை. கீழே சிவப்பு மையில்: ‘யார் நிறுத்தச் சொன்னாலும், எழுதிக் கொடுத்த இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதே. நிறுத்தினால், மறுபடி தொடங்கும் தேதியை இங்கே எழுதி வாங்கு.’ சட்டைப் பையில் வைத்திருக்கிறான். போன வாரம் அவன் பழைய ஆலையிலிருந்து இரண்டு பேர் அதே மாதிரி எழுதித் தரச் சொல்லி வந்தார்கள். ஒருவருக்குத் தெலுங்கில் வேண்டுமாம். என் தெலுங்கு எழுத்து சுமார்தான். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டிருக்கிறேன்.