வெளிநாட்டு மொழிக் கல்வி: தங்கவயல் எழுப்பும் கேள்வி

புது தில்லி: பள்ளிகளில் வெளிநாட்டு மொழிகளைக் கற்பிப்பது காலத்தின் தேவை என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், எந்த மொழியின் இடத்தில் அதைக் கற்பிப்பது என்பதில்தான் சிக்கல் எழுகிறது.

கொரியம், ஜப்பானியம், பிரெஞ்சு, ஜெர்மன் உள்ளிட்ட மொழிகளை உயர்நிலை வகுப்புகளில் கற்பிக்க 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை வழிவகுக்கிறது. 2019-இல் வெளியான வரைவில் இடம்பெற்றிருந்த சீன மொழி, இறுதிக் கொள்கையில் இல்லை. அதேசமயம், மாணவர் கற்கும் மூன்று மொழிகளில் குறைந்தது இரண்டு இந்திய மொழிகளாக இருக்க வேண்டும் என்றும் அக்கொள்கை கூறுகிறது.

இந்த நிபந்தனையின் விளைவைக் கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலில் காணலாம். அங்கு வசிக்கும் தமிழ்க் குடும்பங்களின் முன்னோர், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுரங்க வேலைக்காகத் தமிழகத்திலிருந்து சென்றவர்கள். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின், பிழைப்புக்காக ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் ரயிலில் பெங்களூருக்குச் சென்று திரும்புகின்றனர்.

இவர்களுடைய குழந்தைகளுக்கு வீட்டில் தமிழ். வேலைவாய்ப்புக்கு ஆங்கிலம். 2015-ஆம் ஆண்டின் கர்நாடகச் சட்டப்படி கன்னடம் கட்டாயம். தமிழையும் படித்தால் மூன்று மொழிகளுக்கான இடம் நிரம்பிவிடுகிறது. எனவே, வெளிநாட்டு மொழி என்பது நான்காவது சுமையாகும். அல்லது தாய்மொழியைக் கைவிட நேரிடும்.

மொழி மாற்றத்தை அவசரமாகச் செய்தால் என்ன நேரும் என்பதை 2014-ஆம் ஆண்டு காட்டியது. மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயா பள்ளிகளில் மூன்றாவது மொழியாக இருந்த ஜெர்மன், கல்வியாண்டின் நடுவே நீக்கப்பட்டு, சமஸ்கிருதம் புகுத்தப்பட்டது. ஏறத்தாழ 70 ஆயிரம் மாணவர்கள் பாதிக்கப்பட்டனர். பெற்றோர் உச்ச நீதிமன்றத்தை நாடினர்.

அதே ஆண்டு மே 6-இல், கர்நாடக அரசு தொடர்புடைய வழக்கில், தொடக்கக் கல்வியில் தாய்மொழி வழியை அரசு கட்டாயமாக்க முடியாது என்றும், குழந்தையின் தாய்மொழி எது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை பெற்றோருக்கே உண்டு என்றும் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது குறிப்பிடத்தக்கது.

ஆனால், ஆசிரியர் இல்லாத பள்ளியில் உரிமை ஏட்டளவில்தான் இருக்கும். பெருநகரத் தனியார் பள்ளி மாணவர் பிரெஞ்சு படிக்கும்போது, சுரங்கத் தொழிலாளியின் பேரக் குழந்தை தமிழா, வேறு மொழியா எனத் திண்டாடுவது சமவாய்ப்பு ஆகாது. தாய்மொழிக்கான இடத்தை உறுதிசெய்துவிட்டு, வெளிநாட்டு மொழியை விருப்பப் பாடமாக அரசுப் பள்ளிகளிலும் வழங்குவதே நியாயமான தீர்வாகும். அதற்கு முதல் தேவை, ஆசிரியர் நியமனமும் நிதி ஒதுக்கீடும்தான்.