கோயில் காட்டுக்குள்ள பேவர் பிளாக் எதுக்கு?

"நடங்க, தினமும் நடங்க"ன்னு ஒரு நாளைக்கு நூறு பேர்கிட்டயாவது சொல்ற ஆள் நான். அரசு மருத்துவமனை ஓ.பி.யில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை எழுதிக்கொண்டே சொல்வேன். அதே நான் இன்று ஒரு நடைபாதைக்கு எதிராக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

பக்கத்து ஊர் ஒன்றில் அய்யனார் கோயிலைச் சுற்றி நாலைந்து ஏக்கர் காடு. வீரை, காசா, உலக்கைப்பாலை, குருந்து, அதுமேல பின்னிக்கிடக்கும் கொடிகள். ஊர்க்காரங்க அதுல ஒரு சுள்ளி ஒடிக்க மாட்டாங்க. காற்றில் விழுந்த மரத்தைக்கூட அடுப்புக்கு எடுக்க மாட்டாங்க. கோயிலுக்குப் போக நடுவில் ஒரு ஒற்றையடிப் பாதை.

இப்போ அதற்குள் 'ஹெல்த் வாக்' பாதை போடப் போறாங்களாம். ஆறடி அகலத்துக்கு பேவர் பிளாக், உயர்கோபுர விளக்கு, திறந்தவெளி ஜிம், ஒரு செல்ஃபி பாயிண்ட். (செல்ஃபி பாயிண்ட் இல்லாம இப்பல்லாம் எந்தத் திட்டமும் கிடையாது போல.) "டாக்டர், நீங்க சொன்னா ஊரே கேக்கும். ஆதரவா ரெண்டு வார்த்தை எழுதுங்க"ன்னாங்க.

எழுதுறேன். ஆதரவா இல்ல.

2023-ல் தமிழக அரசு மாவட்டத்துக்கு ஒரு 8 கி.மீ. நடைப்பாதைன்னு ஆரம்பிச்சது நல்ல யோசனை, நானே பலரை அனுப்பியிருக்கேன். உங்க உடம்பு கேட்கிறது வாரத்துக்கு 150 நிமிஷம், கொஞ்சம் மூச்சு வாங்குற மாதிரி நடை. அவ்வளவுதான். கீழே பேவர் பிளாக் இருக்கான்னு கணையம் கேட்காது.

ஆனா மரத்தோட வேர் கேட்கும். தண்ணீர் உறிஞ்சுற வேர்களில் பெரும்பகுதி மேல் மண்ணில் ஒன்றிரண்டு அடிக்குள்தான் இருக்கு. பாதை போடணும்னா அந்த மண்ணைத்தான் வெட்டணும், ரோலர் விட்டு இறுக்கணும், கிரஷர் தூள் கொட்டணும். அப்புறம் காற்றும் தண்ணியும் உள்ளே இறங்காது. மரம் அன்னைக்கே சாகாது. ரத்த ஓட்டம் குறைஞ்ச சர்க்கரை நோயாளியின் கால் விரல் மாதிரி நுனியிலிருந்து காயும். நாலு வருஷம் கழிச்சு பட்டுப்போன கிளையைப் பார்த்து "ஆபத்தான மரம், வெட்டணும்"னு இன்னொரு கோப்பு வரும். விளக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆந்தைக்கும் வௌவாலுக்கும் இருட்டு வேணும்.

"பாம்பு இருக்கே சார், சுத்தம் பண்ண வேண்டாமா?" இதைத்தான் எல்லாரும் கேட்கிறீங்க. நான் விஷமுறிவு மருந்து ஏற்றிய ஆட்களில் பெரும்பாலானவர்களுக்குக் கடி விழுந்த இடம் வயல் வரப்பு, மாட்டுக்கொட்டகை, விறகு அடுக்கு, வீட்டு வாசல். பகல்ல போங்க, பாதையை விட்டு இறங்காதீங்க, கால் வைக்கிற இடத்தைப் பாருங்க.

வயசானவங்க, மூட்டு வலிக்காரங்களுக்குச் சமதளம் வேணும்ங்கிறது உண்மை. அதுக்குக் கண்மாய்க் கரை இருக்கு, பள்ளி மைதானம் இருக்கு. காட்டு எல்லைக்கு வெளியே சுற்றிப் பாதை போடுங்க, முதல் ஆளா நான் வந்து நடக்கிறேன்.

இன்னொன்று, காட்டுக்குள் செருப்பு போடக்கூடாதுங்கிற வழக்கம். கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகள் தயவுசெய்து போட்டுக்கிட்டே போங்க. ஒரு முள் ஏறினதே தெரியாம, புண் புரையோடி வந்த கால்களைப் பார்த்திருக்கேன். அய்யனார் கோவிச்சுக்க மாட்டார்.

மூன்று வருஷம் முன்னாடி மேகாலயா போயிருந்தேன். ஷில்லாங்கிலிருந்து சுமார் 25 கி.மீ.யில் மாவ்ஃப்லாங். காசி பழங்குடிகளின் கோயில் காடு, சுமார் 190 ஏக்கர், சமூகத்துக்குச் சொந்தம். சுற்றுலாப் பயணிகள் தினமும் வர்றாங்க, உள்ளூர்ப் பையன்கள் கூட்டிட்டுப் போறாங்க, அதுக்குக் கட்டணம். ஒரே சட்டம், உள்ளேயிருந்து ஒரு இலைகூட வெளியே போகக்கூடாது. உள்ளே மண் பாதை. ஊருக்கு வருமானம், காட்டுக்குக் காவல். நமக்கு மட்டும் ஏன் ஜிம் வேணும்?

"நாலு ஏக்கர்தானே"ன்னு சொல்லாதீங்க. திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி வீரகோயில் காடு வெறும் 4.97 ஹெக்டேர். 2025-ல் அது பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் அரிட்டாபட்டி முதலில் அந்த அந்தஸ்து வாங்கிச்சு. டங்ஸ்டன் சுரங்கம் வந்தப்போ அந்த ஊர்கள் எப்படி எழுந்து நின்னாங்கன்னு பார்த்தீங்க. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் நாடு முழுவதும் இருக்கிற புனிதக் காடுகளைப் பாதுகாக்க ஒரு கொள்கை வகுக்கச் சொல்லியிருக்கு.

ஊர்க்காரங்களுக்கும் ஒரு வார்த்தை. பொதுச்சொத்துன்னு சொன்னா எல்லாத் தெருவும் அதில் அடக்கம். சில காடுகளில் பெண்களுக்குத் தடை, சில காடுகளில் ஊருக்கே தெரிஞ்ச இன்னொரு தடை. அதையும் வச்சுக்கிட்டு "எங்க காடு"ன்னு பேசினா, டெண்டர் எடுக்கிறவர் சிரிப்பார். காவலுக்கு எல்லாத் தெருவும் வேணும்னா, பாதையிலும் எல்லார் காலும் படணும்.

உங்க ஊர்லயும் இப்படி ஒரு திட்டம் வந்தா, வரைபடம் கேளுங்க. நிலம் யார் பேரில் இருக்குன்னு பாருங்க: அறநிலையத் துறையா, புறம்போக்கா, ஊர்ப் பொதுவா. உங்க ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கணும். 2002-ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் சொல்லுது. பல இடங்களில் அது காகிதத்தில் மட்டும்தான், உறுப்பினர் யாருன்னு கேட்டாலே பாதி வேலை நடக்கும். கிராம சபையில் எழுத்துப்பூர்வமா எதிர்ப்பைப் பதிவு பண்ணுங்க, தீர்மான நகலை வாங்கிக்குங்க.

அக்டோபர் 2-ஆம் தேதி எங்க பக்கத்து ஊர் கிராம சபை. அன்னைக்கு எனக்கு டூட்டி இல்ல, போறேன். "காட்டைக் கெடுக்காம நடக்க முடியும்"னு மருத்துவரா நாலு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறதா சொல்லியிருக்கேன். உங்க ஊருக்கும் அப்படி ஒரு கடிதம் வேணும்னா இன்பாக்ஸ் வாங்க.